ஏழாம் கட்டத்தில் எழுதிய ஊர்

ஓய்வுபெற்ற அண்டர் செக்ரெட்டரி ஒருவரோடு ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள் நீங்கள். நான் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் பாலர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சம்பளம் வாங்கும் ஒரே சமூகப் பணியாளர் நான், இளவரசி. மற்றவர்களெல்லாம் கமிட்டி. கமிட்டி என்றால் பதினோரு பேர். பதினோரு பேரும் ஏதாவது ஒரு அமைச்சகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள். அரசாங்கம் அவர்களை விட்டுவிட்டது, அவர்கள் ஃபைலை விடவில்லை. அவர்களில் பெரிய தலை, நான் சொன்ன அந்த அண்டர் செக்ரெட்டரி, சங்கத்தின் செயலாளர் ராஜாராமன் சார். வயது எழுபத்தாறு. காலை பத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் ஐந்தரைக்குத்தான் எழுவார். ஒரு நாள் லீவு கிடையாது, ஒரு பைசா சம்பளம் கிடையாது. அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே நாலடி. ஒரு கடிதத்தை எழுதி நேராக நீட்டினால் வாங்க மாட்டார். "கையில குடுக்கப்படாதும்மா, ஃபைல்ல வெச்சு புட்-அப் பண்ணு" என்பார். ஃபைலை என் ட்ரேயில் வைக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் மட்டும் வரும் ஹம்சா மேடம் அதை எடுத்து, டயரியில் நம்பர் போட்டு, நாலடி நடந்து அவர் ட்ரேயில் வைப்பார். சார் படித்துவிட்டு ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதுவார். வேலையில் இருந்த காலத்தில் பச்சை மை அவர் பதவிக்கு அனுமதி இல்லையாம், பெரிய அதிகாரிகளுக்குத்தானாம். அந்த ஆசையை எங்களிடம் தீர்த்துக்கொள்கிறார். சரி, பேசவும் என்று எழுதியவர் தலையைத் தூக்கி "இளவரசி" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசலாமே? மாட்டார். அந்த ஃபைல் மறுபடி ஹம்சா மேடம் வழியாக என்னிடம் வந்து, நான் அதைப் பார்த்து, எழுந்து போய் "சார், பேசச் சொல்லியிருந்தீங்க" என்று நிற்க வேண்டும். ஐயோ சாமி, எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்!

இந்த வருடம் பொன்விழா வேறு. மலர் போடுகிறார்கள். 'சங்கத்தின் வரலாறும் சேவைகளும்' என்ற கட்டுரை என் தலையில் விழுந்தது. எழுத விஷயமில்லாமல் இல்லை. எழுபத்தைந்தில் இங்கே குவார்ட்டர்ஸ் கட்ட சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பா அம்மா சாரத்தின் மேலே, குழந்தை கீழே மணல் குவியலில் நாயோடு. அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஐந்து குமாஸ்தா வீட்டுப் பெண்கள் ஒரு ஸ்கூட்டர் ஷெட்டில் பழைய புடவைகளில் தொட்டில் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு டம்ளர் பால் வாங்கினார்கள். எண்பத்து நாலு கலவரத்தில் பக்கத்து செக்டார் சீக்கியக் குழந்தைகள் ஆறு பேரை மூன்று நாள் அந்தத் தொட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தடுப்பூசி, ஆதார் எடுத்துக் கொடுப்பது, பன்னிரண்டு பெண் குழந்தைகளுக்கு ஒரு சிறிய இல்லம் என்று வளர்ந்தது. இன்றைக்கு டெல்லியில் தமிழ் பேசும் குழந்தை ஒன்று தனியாக அகப்பட்டால் அரசாங்கத்தின் குழந்தைகள் நலக் குழு எங்களைத்தான் கூப்பிடும். போய்ப் பேசி, படிவம் எழுதி, உறவுகளைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பது என் வேலை.

எழுதிவிடலாம். எழுத விட்டால்தானே? ஐந்து பேரில் யார் படம் முதலில் என்று நாலு கூட்டம் நடந்தது. ராஜாராமன் சாரின் காலமான மனைவி ராஜலக்ஷ்மி அம்மாளும் அந்த ஐவரில் ஒருவர். அவர் படத்தை முதலில் போடலாம் என்று எல்லாரும் சொல்ல, சேர்ந்த தேதிப்படி அவர் மூன்றாவது என்று சார் குறிப்பு எழுதினார். சொந்தப் பெண்டாட்டியை சீனியாரிட்டி லிஸ்டில் இறக்கிய மனிதர் அவர். கட்டுரையின் முதல் வரி என்ன என்பதும் கமிட்டியே முடிவு செய்தது: 'ஐம்பது ஆண்டுகளில் ஒரு குறைகூடச் சுட்டிக்காட்டப்படாத சங்கம்.'

அந்த வரியை டைப் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அன்பு போன் செய்தான். நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. அன்பு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காபித்தூளும் விற்கிறவன்.

"அக்கா, ஒரு அம்மா போட்டோவ வெச்சிக்கிட்டு கடை கடையா கேட்டுட்டு வர்றாங்க. பொண்ணு தொலைஞ்சு பதினோரு நாளாச்சாம். ஏழு வயசு. பேரு பொன்னி."

போனோடு எழுந்துவிட்டேன். பொன்னி எங்கள் இல்லத்தில்தான் இருந்தாள். பதினோரு நாளாக.

பொன்னியை மெட்ரோவில் கண்டுபிடித்தார்கள். செக்யூரிட்டி போலீஸிடம் கொடுக்க, போலீஸ் நலக் குழுவிடம் கொடுக்க, குழந்தை "அம்மா" என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. அம்மா என்கிறாளே, மதராஸிக் குழந்தை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் சாரும் போனோம். தமிழில் பேசினதும் அழுகை நின்று பேசினாள். அன்றைக்கு எழுதின படிவத்தில் முகவரி என்ற ஏழாம் கட்டத்தில் 'சங்கராபுரம், கள்ளக்குறிச்சி மாவட்டம், தமிழ்நாடு' என்று ஏறிவிட்டது. அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் குழந்தை, ரயிலில் வழிதவறி வந்தவள் என்று முடிவாகி, கள்ளக்குறிச்சிக்குத் தகவல் போனது. டெல்லியில் காணாமல் போன பெண்களின் பட்டியலோடு இவளை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டெல்லிக் குழந்தையே இல்லையே, எதற்குப் பார்க்க வேண்டும்? கடைசியில், கள்ளக்குறிச்சி மாவட்டத்து நலக் குழுவிடம் ஒப்படைக்கும்படி உத்தரவும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரயில். பெண் போலீஸ் துணைக்கு. டிக்கெட்கூட எடுத்தாயிற்று.

அரை மணியில் மார்க்கெட்டில் இருந்தேன். அன்பு கடை வாசலில், கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் சந்திரம்மாள். பொன்னி பத்திரமாக இருக்கிறாள் என்று சொன்னதும் அவள் அழவில்லை. "சாப்டுதா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். அதற்கப்புறம்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கால்வாய்க்கரை ஓரம் இருந்த அவர்கள் குடியிருப்பைக் கோடையில் இடித்துவிட்டார்கள். மாற்று வீட்டுப் பட்டியலில் இவள் பெயர் வரவில்லை. ஊரின் வடகோடியில், நரேலாவில், ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். வீட்டு வேலை மட்டும் பழைய இடத்தில், லாஜ்பத் நகரில். தினம் விடியற்காலை பஸ், அப்புறம் மெட்ரோ, ஐ.என்.ஏ.யில் இறங்கி வேறு மெட்ரோ. அன்றைக்குப் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடிவிட்டதால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ஐ.என்.ஏ.யில் மாறும்போது நெருக்கியடித்துக்கொண்டு இவள் ஏற, குழந்தை ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது.

"அடுத்த டேசன்ல எறங்கி ஓடியாந்தேம்மா. அதுக்குள்ள அது அடுத்த வண்டில ஏறிடுச்சு போல. அம்மா பின்னாடி போறோம்னு ஏறியிருக்கும். போலீசுல எழுதிக் குடுத்தேன். அன்னிலேருந்து வேலைக்குப் போவல. காலைல மொத வண்டில ஏறுவேன், ஒவ்வொரு டேசனா எறங்கிப் பாப்பேன். கடசி வண்டி வரைக்கும். பதினோரு நாளு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் ஏழாம் கட்டத்தை நிரப்பின மகானுபாவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

யாரென்று எனக்குத் தெரியாதா என்ன? டெல்லித் தமிழர்கள் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்விதான் பெயர். கரோல் பாகில் பிறந்து, கரோல் பாகில் கல்யாணம் செய்து, கரோல் பாகிலேயே பேரன் எடுத்தவரும் "திருவையாறு" என்பார், நேற்று சாயங்காலம்தான் பஸ்ஸை விட்டு இறங்கினவர் மாதிரி. இந்த வியாதி முற்றினவர் ராஜாராமன் சார். இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் முட்டி மடக்கிக் குனிந்து அதைத்தான் கேட்பார். அந்தக் குழந்தையும் அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்திருக்கும். அந்த ஊரை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

இல்லத்தில் தாயையும் மகளையும் பார்த்த காட்சியை நான் எழுதப் போவதில்லை. அழுது முடித்ததும் பொன்னியைத் தனியே கூப்பிட்டு, வீடு எங்கே என்று ஹிந்தியில் கேட்டேன்.

"பேட்டா, கர் கஹாங் ஹை?"

கடகடவென்று வந்தது பதில். "நரேலா, பாக்கெட் கியாரஹ், சப்ஸே ஊப்பர்வாலா மாலா, ஓம்வதி ஆன்ட்டி கா மகான். நீச்சே மோமோவாலா பைட்தா ஹை."

பாக்கெட் என்கிற பிளாக் நம்பர், மாடி, வீட்டுக்காரம்மாள் பெயர், கீழே மோமோ விற்பவன் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

"ஏன்டி, இத இத்தன நாளா ஏன் சொல்லல?"

"ஊருதான கேட்டாங்க. வூடு எங்கன்னு யாரும் கேக்கல" என்றாள் பொன்னி.

டெல்லியில் பிறந்து, தெருவில் ஹிந்தியில் விளையாடி வளர்ந்த குழந்தை. தமிழ்க் குழந்தை, தமிழ்க் குழந்தை என்று நாங்களாக உருகி, ஹிந்தியில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோம். போலீஸ்காரர் கேட்டபோது பயத்தில் பேசவில்லை. அப்புறம் நாங்கள் வந்துவிட்டோம், எல்லாம் தெரிந்தவர்கள்.

நேராக சார் முன்னால் போய் நின்றேன். ஃபைல் இல்லாமல்.

"சார், பொன்னியோட அம்மா கெடச்சாச்சு. நரேலால இருக்காங்க. கொழந்த பொறந்ததே இங்கதான். வெள்ளிக்கெழம ரயில நிறுத்தணும். நம்ம படிவத்துல முகவரி தப்புன்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கெடச்சுட்டாளா? நல்லதாப் போச்சு. ரொம்ப நல்லதாப் போச்சு" என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம், "புட்-அப் பண்ணு" என்றார்.

நல்லவேளை, செவ்வாய்க்கிழமை. ஹம்சா மேடம் இருந்தார். பத்து நிமிடத்தில் கடிதம் எழுதினேன். 'எங்கள் படிவத்தில் முகவரி தவறாக எழுதப்பட்டுவிட்டது' என்று. சாயங்காலம் ஃபைல் திரும்பி வந்தது. 'தவறாக' என்ற வார்த்தையைப் பச்சை மையில் அடித்திருந்தார். ஓரத்தில், பேசவும்.

"என்ன சார் பேசணும்?"

"தப்புன்னு எழுதப்படாதும்மா. 'இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது'ன்னு ஆரம்பி. குழந்தையின் பூர்வீகம் கள்ளக்குறிச்சி, தற்போதைய வசிப்பிடம் நரேலான்னு போடு. ரெண்டும் உண்மைதானே?"

"தப்பு நடந்திருக்கு சார். தப்புன்னு எழுதினா என்ன?"

"தப்புன்னு எழுதினா யாரோட தப்புன்னு அடுத்த கேள்வி வரும். யார் எழுதினா, அவா மேல என்ன ஆக்ஷன் எடுத்தேள்னு வரும். வேண்டாம். சொல்றதைக் கேளு."

கேட்கவில்லை. புதன்கிழமை மறுபடி எழுதினேன், 'தவறு' என்றே. ஹம்சா மேடம் வராத நாள். ஃபைல் என் ட்ரேயிலேயே கிடந்தது. நானே தூக்கிக்கொண்டு போய் அவர் ட்ரேயில் வைத்தேன். டயரி நம்பர் இல்லை என்று திருப்பி நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ட்ரேயைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஜன்னலில் கம்பி இருந்தது.

அன்று மத்தியானம் சந்திரம்மாள் வந்தாள். ஆதார் கார்டில் இடித்துத் தள்ளின குடிசையின் முகவரி. வாடகைக்கு எந்தக் காகிதமும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் பொன்னியின் பிறப்புச் சான்றிதழும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான். பைக்குள் குழந்தைக்குப் புது ஸ்வெட்டர், ரோஜா நிறத்தில். "வெள்ளிக்கெழம கூட்டினு போயிடலாம் இல்லம்மா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். ஹம்சா மேடம் டயரியை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"அம்பது வருஷமா ஒரு குறையும் இல்லைன்னு மலர்ல போடணும், அதானே சார் உங்களுக்கு? அந்த ஒரு வரிக்காக ஒரு கொழந்தைய ரெண்டாயிரம் கிலோமீட்டர் அனுப்புவீங்களா? எந்த ஊருன்னு கேட்டதும் நீங்க, முகவரின்னு போட்டதும் நீங்க. செஞ்ச தப்ப ஒத்துக்க வாய் வரல. இத்தன வருஷம் சர்வீஸ்ல இதத்தான் கத்துக்கிட்டீங்களா?"

அவர் பச்சைப் பேனாவை மூடி வைத்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"உக்காரும்மா. தண்ணி குடி. இன்னிக்கு லெட்டர் ரெடியாயிடும்."

ஆனது. அவருடைய வாசகத்தில்தான். 'இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது.' வேறு வழியில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடமும் அந்த மனிதரைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் புலம்பினேன். கோழை, சுயநலம், பச்சை மை என்று ஒன்று விடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நலக் குழுவின் அறை. மேசைக்குப் பின்னால் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும். சந்திரம்மாளும் பொன்னியும் வெளியே பெஞ்சில். உள்ளே நானும் சாரும். தலைவி கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். ஹிந்தியில் கேட்டார்.

"இதில் என்ன தெளிவாகிறது? குழந்தையின் வீடு அங்கேயா, இங்கேயா? அங்கே இருந்து இங்கே குடிவந்தார்களா? முதலில் எழுதினது சரியா, தப்பா?"

"மேடம், பூர்வீகம் அங்கே, தற்போதைய..." என்று சார் தன் ஆபீஸ் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"இதை வைத்துக்கொண்டு என் உத்தரவை நான் ரத்து செய்ய முடியாது. இன்றைக்கு ஒரு முகவரி, நாளைக்கு ஒரு முகவரி என்றால், வந்திருக்கிற பெண் உண்மையான தாயா என்றே எனக்குச் சந்தேகம் வரும். படிவத்தை நிரப்பினவர் யார்? அவர் இங்கே நின்று, எப்படித் தப்பானது என்று சொல்லட்டும். பதிவு செய்துகொள்கிறேன். இல்லையென்றால் குழந்தை இன்றிரவு ரயிலேறும். விசாரணையை அங்கே நடத்திக்கொள்ளட்டும்."

சொல்லுங்கள் சார், இப்போதாவது சொல்லுங்கள் என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர்தான் என்று கை நீட்டிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் குமாஸ்தா அலமாரியிலிருந்து அசல் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டார்.

எங்கள் ஆபீஸில் இருப்பது டைப் அடித்த பிரதி, சாரின் கையெழுத்தோடு. அசலை அன்றைக்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். நீல பால்பாயிண்ட். ஏழாம் கட்டத்தில் சங்கராபுரம். கீழே நிரப்பியவர் என்ற இடத்தில் தமிழில் என் கையெழுத்து.

எனக்கு நன்றாக ஞாபகம், அந்தக் கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டேன். அப்படித்தான் நாலு நாளாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு மற்றதும் ஞாபகம் வந்தது. குழந்தை "சங்கராபுரம்" என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சின்னசேலத்துக்காரி. பக்கம்தான். ஒன்பது வருடத்தில் என் மாவட்டத்துக் குழந்தை ஒன்று முதல் தடவையாக வந்திருக்கிறது. "சங்கராபுரமா! அடி, நம்ம ஊருடி நீ!" என்று கன்னத்தைக் கிள்ளினேன். அவளும் சிரித்தாள். சாரைத் திரும்பிப் பார்த்து, "எங்க ஊர்ப்பக்கம் சார்" என்று பெருமையடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். வீடு எங்கே என்று கேட்கத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில்.

"யார் நிரப்பினது?" என்று தலைவி மறுபடி கேட்டார்.

வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வாயில் முதலில் வந்தது, "மேடம், அன்றைக்கு நாலு குழந்தைகள் ஒரே நேரத்தில் வந்தார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வேறு..." என்பதுதான். தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்புறம் சொன்னேன்.

"நான்தான் மேடம். என் தப்பு. குழந்தையிடம் பூர்வீகம் எது என்று கேட்டேன். அதை முகவரியாக எழுதிவிட்டேன். வீடு எங்கே என்று கேட்கவில்லை. ஹிந்தியில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்."

சார் சட்டென்று எழுந்து, சங்கம் முழுப் பொறுப்பேற்கிறது என்று ஆரம்பித்தார். உட்காருங்கள் என்றார் தலைவி. நான் சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். அப்புறம் பொன்னியை உள்ளே அழைத்து ஹிந்தியில் கேட்டார்கள். பாக்கெட் பதினொன்று, மோமோக்காரன் உள்பட எல்லாம் சொன்னாள். ரயில் ரத்தானது. ஆனால் காகிதம் இல்லாத வீட்டை நேரில் பார்க்காமல் குழந்தையை அனுப்ப முடியாதாம். சங்கத்திலிருந்து ஒருவர் புதன்கிழமைக்குள் நரேலா போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும். வியாழக்கிழமை ஒப்படைப்பு. அதுவரை இல்லத்தில். படிவம் நிரப்பினவர் மேல் என்ன நடவடிக்கை என்று பதினைந்து நாளில் சங்கம் பதில் எழுத வேண்டும்.

வெளியே வராந்தாவில் சாரை நிறுத்தினேன்.

"சார், என் கையெழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தானே பிரதியில கையெழுத்துப் போட்டேன். அசலைப் படிச்சுப் பார்க்காம போடுவேனா?"

"அப்ப ஏன் சார் சொல்லல? நான் அத்தன கத்துக் கத்தினேனே."

"உன் வேலைக்கு உலை வைக்கப்படாதுன்னுதான். இன்னொண்ணும் சொல்றேன். படிச்சப்போ எனக்கும் அது தப்பாப் படலை. என்னைக் கேட்டாலும் மாயவரம்னுதானே எழுதுவேன்? அங்க எனக்கு ஒரு கூரைகூடக் கிடையாது." மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். "அறிக்கைக்கு ஒரு ஃபைல் ஓப்பன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த நேரத்திலும் ஃபைல்.

பெஞ்சில் சந்திரம்மாள் பொன்னிக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருந்தாள். ரயில் நின்றுவிட்டது என்ற செய்தி மட்டும் அவளுக்கு எட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கதாம்மா தெய்வம். நீங்க இல்லன்னா எம்பொண்ண அனுப்பியிருப்பாங்க. யாரோ தப்பா எழுதிப்புட்டு..."

பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததே.

"நான்தாம்மா எழுதினேன்" என்றேன். "கொழந்த எங்க ஊருன்னு சந்தோஷத்துல, வீடு எங்கன்னு கேக்காம ஊர எழுதிட்டேன். அதனாலதான் இங்க யாரும் தேடல. வியாழக்கெழம வரைக்கும் இவ இல்லத்துலதான் இருக்கணும். வீட்ட வந்து பாத்துட்டுதான் அனுப்புவாங்க."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. பொன்னி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஆட்டோல கூட்டினு போனீங்களே, அந்த இல்லத்துலயேதானா இருந்துச்சு?" என்று கேட்டாள் சந்திரம்மாள்.

"ஆமாம்மா, ஆர்.கே.புரத்துல."

"ஐ.என்.ஏ.க்குப் பக்கத்துலதான?"

"ஆமா. ஆட்டோல பதினஞ்சு நிமிசம்."

"அப்ப அந்தப் பதினோரு நாளு?"

அவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, குழந்தையின் தலையை முந்தானையால் துடைத்தாள். கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று நின்றேன். கேட்டிருந்தால் தேவலை.

"வூடு பாக்க நீங்க வரவாணாம்மா" என்றாள் மெதுவாக. "அந்தப் பெரியவரு வரட்டும்."

சரிம்மா என்றேன். பொன்னியை நான்தான் இல்லத்துக்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவள் என்னோடு வர மாட்டேன் என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சந்திரம்மாளே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் முகத்தைப் பார்க்காமல், குழந்தையின் கையை என் கையில் வைத்தாள்.